நின்ற இன்ஜினும் மறுக்கப்பட்ட இழப்பீடும்: கோவைச் சுரங்கப்பாதை வெள்ளத்தில் சிக்கிய ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியில் கார் பாலிசியைப் புதுப்பிக்கும் நேரத்தில், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பு வேண்டுமா என்று முகவர் கேட்டால், "அதெல்லாம் மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்குத்தானுங்க, நமக்கெதுக்குங்க" என்ற பதிலையே அதிகம் கேட்க முடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கோவை, திருப்பூர், ஈரோடு சமவெளிகளில் ஆண்டு மழை மாநிலச் சராசரியைவிடக் குறைவு. கிணறு வற்றுவதைப் பற்றிக் கவலைப்பட்டே பழகிய ஊர்களில், வெள்ளத்துக்கென்று தனியாகப் பணம் கட்டுவது வீண் செலவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு காரின் இன்ஜினைக் கெடுப்பதற்கு ஆண்டு முழுவதும் மழை பெய்ய வேண்டியதில்லை. தாழ்வான ஓரிடத்தில் ஒரு மாலைப் பொழுதில் அரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும் தண்ணீரே போதும்.

வாகன இழப்பீட்டு விண்ணப்பங்களில் உரிமையாளர்களுக்கு உதவும் பணியில் இருப்பதால், இங்கே விவரிக்கும் நிகழ்வின் கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்க்க நேர்ந்தது. சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் வெளிப்படாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளது. எத்தனையோ மழைக்கால இழப்பீடுகளுக்கு நடுவே இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் நின்றுபோன காருக்குள் ஓட்டுநர் செய்யும் ஒரே ஒரு செயலைச் சுற்றியே இழப்பீட்டு வாதம் முழுவதும் சுழல்கிறது என்பதும், அந்தச் செயலைப் பற்றி நிறுவனங்கள் சொல்வதெல்லாம் எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பதும் இந்தக் கோப்பில் தெளிவாகத் தெரிந்தன.

நிகழ்வு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த ஓர் அக்டோபர் மாலை. சோமனூர் பக்கம் விசைத்தறி உதிரிபாகக் கடை நடத்தும் ஒருவரின் பெயரில் உள்ள டீசல் காரை, முறையான உரிமம் பெற்ற அவருடைய தம்பி ஓட்டிச் சென்றிருந்தார். கோவையில் உள்ள கண் மருத்துவமனையில் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனை முடிந்து, இருவரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை சற்றே ஓய்ந்திருந்த நேரத்தில், மாநகரின் ரயில்வே சுரங்கப்பாதைகளுள் ஒன்றை அவர்கள் அடைந்தனர்.

பாதையின் முகப்பில் தடுப்பு எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. முன்னால் சென்ற டவுன் பஸ் வேகம் குறையாமல் இறங்கி, மறுபக்கம் ஏறிக் கரை சேர்ந்தது. பஸ்ஸின் சக்கரம் பாதி அளவுக்குத் தண்ணீரில் இருந்ததைத் தம்பி பார்த்தார். பஸ் போனதால் தானும் போய்விடலாம் என்று நினைத்தார். பஸ் சக்கரத்தின் பாதி உயரம் ஏறத்தாழ அரை மீட்டர். சாதாரணக் காரில் தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி 17 செ.மீ. அளவே இருக்கும், முன் விளக்குக்குப் பின்னாலோ முகப்பு கிரில்லுக்கு அருகிலோ அமைந்த காற்று உறிஞ்சும் குழாயின் வாய், பல கார்களில் அந்த அரை மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. தண்ணீர் அசையாமல் நின்றிருந்தால்கூட விளிம்பில் தப்பியிருக்கக்கூடும். பஸ் தள்ளிவிட்ட அலை இருபுறச் சுவர்களிலும் மோதித் திரும்பி, கார் நடுப்பள்ளத்தை அடைந்த அதே நேரத்தில் பானட்டின் மேல் ஏறியது. கார் இரண்டாம் கியரில் இருந்தது. இன்ஜின் ஒரு முறை உதறி நின்றுபோனது.

தம்பி மூன்று முறை செல்ஃப் அடித்திருக்கிறார். முதல் முறை இன்ஜின் கனமாக அரைச்சுற்றுச் சுற்றியது. இரண்டாம் முறை "டக்" என்ற சத்தத்துடன் நின்றது. மூன்றாம் முறை சத்தமே இல்லை. பாதையோர நடைமேட்டில் நின்றிருந்த ஆட்டோக்காரர் ஒருவர், "தம்பி, சாவியத் திருப்பாதீங்க, அம்மாவ மொதல்ல எறக்குங்க" என்று கத்தினார். நல்வேளையாகப் பவர் விண்டோ அப்போதும் வேலை செய்தது. பின் கண்ணாடியை இறக்கி, அந்த வழியாக அம்மாவைத் தூக்கி எடுத்தார்கள். அதற்குள் தண்ணீர் இருக்கையின் அடிமட்டத்தைத் தொட்டிருந்தது. பிறகு நான்கைந்து பேர் சேர்ந்து காரை மேட்டுக்குத் தள்ளினர். மறுநாள் காலை ரெக்கவரி வண்டியில் ஏற்றி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டனர்.

காருக்கு முன்னால் ஆளைப் பற்றி

இழப்பீட்டுக் கணக்குக்குள் நுழைவதற்கு முன்பு, அந்தச் சுரங்கப்பாதையில் இரண்டு உயிர்கள் மரணத்துக்கு எவ்வளவு அருகில் சென்று திரும்பின என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோப்பில் எங்கும் அது பதிவாகவில்லை.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. சிறிய காரின் அடிப்பரப்பு ஏறக்குறைய ஐந்து சதுர மீட்டர். காரின் அடிப்பகுதிக்கு மேல் 20 செ.மீ. தண்ணீர் ஏறினால், கார் விலக்கும் நீரின் எடை ஒரு டன்னை எட்டிவிடுகிறது. 900 கிலோ எடையுள்ள ஒரு காரை மிதக்கச் செய்ய அது போதுமானது. உள்ளே தண்ணீர் கசிந்து நிரம்புவதால் கார் முழுவதுமாக மிதக்காமல் போகலாம். ஆனாலும் சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பு போய்விடும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். தண்ணீர் ஓடும் தரைப்பாலமாக இருந்தால் கார் பக்கவாட்டில் நகரத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். உயரமான எஸ்.யூ.வி.யாக இருந்தாலும் இந்த எல்லை சற்றுத் தள்ளிப்போகுமே தவிர, இல்லாமல் போவதில்லை; முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீர் அவற்றையும் இழுத்துச் செல்லும்.

கதவின் நிலையும் அப்படித்தான். கதவின் கீழ் விளிம்புக்கு மேல் அரை மீட்டர் தண்ணீர் வெளியே நின்றால், ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் மீது ஏறத்தாழ 125 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் விழுகிறது. உள்ளே உட்கார்ந்தபடி அதைத் தள்ளித் திறப்பது முதியவர்களால் ஆகாத காரியம். மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடிகள் எப்போது நின்றுபோகும் என்று சொல்லவும் முடியாது. ஆகவே இன்ஜின் நின்ற மறுகணமே இறக்க வேண்டியது கண்ணாடியை. அது இறங்காவிட்டால், இருக்கையின் தலைச்சாய்வைக் கழற்றி, அதன் இரும்புக் கம்பியால் பக்கக் கண்ணாடியின் மூலையை உடைக்கலாம். முன் கண்ணாடி இரண்டு அடுக்குகளை ஒட்டிச் செய்யப்பட்டது என்பதால் அதை உடைக்க முயல்வது நேரத்தை வீணாக்கும்.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் அரசுப் பெண் மருத்துவர் இறந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் வாடகைக் காருக்குள் சிக்கி ஓர் இளம்பெண் இறந்தார். 2024 செப்டம்பரில் ஃபரீதாபாத்தின் ரயில்வே சுரங்கப்பாதையில் பெரிய எஸ்.யூ.வி. ஒன்றில் சென்ற வங்கி ஊழியர் இருவர் இறந்தனர். மூன்றுமே ஆற்று வெள்ளங்கள் அல்ல. சாலையில் தேங்கிய மழைநீர்.

இந்த மண்ணில் தண்ணீர் நிற்கும் இடங்கள்

கோவையில் அவிநாசி சாலை ரயில்வே பாலத்தின் அடிப்பகுதி, லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகிலுள்ள பாதை, சிவானந்தா காலனி பாதை ஆகியவை ஒவ்வொரு பெருமழைக்கும் செய்தியில் வருபவை. ஈரோட்டில் கொல்லம்பாளையம் நுழைவுப் பாலத்துக்கும் இதே வரலாறுதான். இருபுறமும் சரிந்து இறங்கும் சாலை சுற்றுவட்டார மழைநீரையெல்லாம் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மோட்டார் வைத்து இறைக்கும் வேகத்தைவிட நீர் வந்து சேரும் வேகம் அதிகமாக இருக்கும் அந்த அரை மணி நேரமே ஆபத்தானது.

நகரத்துக்கு வெளியே ஆபத்தின் தன்மை வேறு. நொய்யலிலும் அதில் வந்து சேரும் பள்ளங்களிலும் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் இருப்பதில்லை என்பதால், அவற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலங்களை அன்றாடம் கடப்பவர்கள் அவற்றை ஓடும் நீரின் பாதையாகவே கருதுவதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பெய்த மழை, வெயில் காயும் சமவெளிக்குச் சில மணி நேரம் கழித்து வந்து சேர்கிறது. சத்தியமங்கலம் மலையில் கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் செல்லும் வழியில் குரும்பூர் பள்ளமும் சர்க்கரைப் பள்ளமும் இதே போல் திடீரெனப் பெருக்கெடுத்துப் போக்குவரத்தைத் துண்டிப்பவை. பவானிக் கரையிலோ, மழையே இல்லாத நாளிலும் நீர் உயரலாம். 100 அடி உயரமுள்ள பில்லூர் அணையில் நீர்மட்டம் 97 அடியை எட்டினால் உபரி நீர் திறக்கப்படும், அதற்கான எச்சரிக்கையும் கரையோர ஊர்களுக்கு விடுக்கப்படும். ஆக, நீலகிரியில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, ஆடி மாத வெயிலில் மேட்டுப்பாளையத்துப் பக்கம் கார் ஓட்டுபவருக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

சர்வீஸ் சென்டரில் தெரியவந்தவை

இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே ஆயில் நிலைமையைச் சொல்லிவிட்டது. வடித்தெடுத்த ஆயில், பால் அதிகம் ஊற்றிய காபியின் நிறத்தில், நுரைத்துக் கெட்டியாக வந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டதற்கு அது அடையாளம். ஏர் ஃபில்டர் நனைந்து சேறு பூசியிருந்தது. ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் உச்ச நிலைக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தபோது, இரண்டாம் சிலிண்டரில் 3 மி.மீ.யும் மூன்றாம் சிலிண்டரில் 5 மி.மீ.யும் குறைவாக இருந்தன. அந்த இரண்டு பிஸ்டன்களையும் தாங்கிச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் வளைந்திருந்தன. முதல், நான்காம் சிலிண்டர்களில் குறையில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரும், இன்ஜினைச் சுற்ற அது பற்றிக்கொள்ளும் ஃப்ளைவீல் பற்களும் சேதமில்லாமல் இருந்தன. இந்தக் கடைசி விவரத்தை மெக்கானிக் தன் வேலைத்தாளில் எழுதிவைத்திருந்தார். பின்னர் அது பெரிதும் உதவியது.

மெக்கானிக்குகள் "இன்ஜின் தண்ணி குடிச்சிருச்சு" என்று சொல்வதும், காப்பீட்டுத் தாள்களில் ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் என்று எழுதப்படுவதும் ஒன்றே. சிலிண்டருக்குள் காற்று வந்தால் பிஸ்டன் அதை அழுத்திச் சுருக்கும். டீசல் இன்ஜினில் பதினாறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். தண்ணீரோ சுருங்காது. மேலேறும் பிஸ்டன் அசையாத ஒன்றின் மீது மோதும்போது, அந்த விசை முழுவதையும் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. வேகம் அதிகமென்றால் முறிந்து இன்ஜின் பிளாக்கையே துளைக்கிறது. ஆனால் தண்ணீரில் நின்றுபோகும் எல்லா இன்ஜின்களும் இப்படிக் கெட்டுப்போய் நிற்பதில்லை. நனைந்த ஃபில்டர் காற்றை அடைப்பதாலோ சென்சாரில் ஈரம் புகுவதாலோ நின்ற இன்ஜின், அந்த நிலையில் பழுதில்லாமலே இருக்கலாம். குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுவது, அதற்குப் பிறகு அடிக்கும் செல்ஃப்தான். ஆட்டோக்காரர் கத்திச் சொன்னது முழுக்கச் சரி.

சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 2,85,000 ரூபாய். இதில் இன்ஜின் வேலை 1,72,000. வயரிங், கண்ட்ரோல் யூனிட், இருக்கை, தரைவிரிப்பு ஆகியவற்றுக்கு 1,13,000.

பாலிசியும் சர்வேயர் அறிக்கையும்

காருக்கு முழுக் காப்பீடு இருந்தது, ஐ.டி.வி. எனப்படும் காரின் காப்பீட்டு மதிப்பு 6,20,000 ரூபாய். "பம்பர் டு பம்பர் போட்டிருக்கேனுங்க, எல்லாம் வந்துரும்" என்று உரிமையாளர் நம்பிக்கையோடு இருந்தார். இந்த நம்பிக்கையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் விற்பவர்களில் பலர் இதைத் திருத்துவதில்லை. பம்பர் டு பம்பர் என்று சொல்லப்படும் தேய்மானமில்லாக் காப்பு, மாற்றப்படும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும், அவ்வளவே. அது இல்லாதவர்களுக்கு ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதம் கழியும். நான்காம் ஆண்டில் ஓடும் காரின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம் கழியும். ஆனால் எந்தச் சேதம் காப்புக்குள் வருகிறது, எது வராது என்ற எல்லைக்கோட்டை அந்தக் கூடுதல் காப்பு ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை. அந்தக் கோட்டை இன்ஜின் விஷயத்தில் நகர்த்தக்கூடியது இன்ஜின் பாதுகாப்புக் காப்பு. கடைசிப் புதுப்பித்தலில் அதற்குக் கேட்கப்பட்ட தொகை 1,850 ரூபாய்; உரிமையாளர் அதை வேண்டாம் என்று நீக்கச் சொல்லியிருந்தார்.

முழுக் காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரிவு, புயல், வெள்ளம், நீர்சூழ்தல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே காப்புக்குள் கொண்டுவருகிறது. அதே பிரிவு, பின்விளைவு இழப்பையும் (ஆபத்தால் நேரடியாக அன்றி, அதைத் தொடர்ந்து நேரும் இழப்பு), தேய்மானத்தையும், இயந்திர, மின் கோளாறுகளையும் விலக்குகிறது. இவை தவிர, பாலிசி நிபந்தனைகளுக்குள் பலரும் படிக்காத ஒன்று உண்டு: வாகனத்தைச் சேதத்திலிருந்து காக்க நியாயமான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் உரிமையாளர் எடுக்க வேண்டும், விபத்துக்கோ பழுதுக்கோ பிறகு, தேவையான பழுதுபார்ப்பைச் செய்யாமல் வாகனத்தை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் அவருடைய பொறுப்பு. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த விவாதத்துக்கே இடமில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பை மட்டுமே, சொந்தக் காருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது.

சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் வந்து பார்த்துத் தந்த அறிக்கை, 1,13,000 ரூபாய்ச் சேதத்தை வெள்ளச் சேதமாக ஏற்றது. அதிலிருந்து ஆயில், கூலண்ட் போன்ற நுகர்பொருட்களுக்கு 6,500 ரூபாயும், 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாயும் போக, 1,05,500 ரூபாய் தரலாம் என்று பரிந்துரைத்தது. இன்ஜின் சேதத்தைப் பின்விளைவு இழப்பு என்று முழுவதுமாக மறுத்தது. தண்ணீரில் நின்ற காரை ஓட்டுநர் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயன்றதே ராடுகள் வளையக் காரணம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. எந்த அளவீடும் இணைக்கப்படவில்லை. உரிமையாளர் கையிலிருந்து போட வேண்டிய தொகை 1,79,500 ரூபாய் ஆனது. பழுதுபார்ப்புச் செலவு ஐ.டி.வி.யின் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாகக் கருதுவார்கள். இங்கே அந்த எல்லை 4,65,000 ரூபாய் என்பதால் அந்த வழியும் இல்லை.

இன்னொரு விவரமும் கோப்பைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. பாலிசியோடு இருந்த 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, பதிவுச் சான்றில் பெயருள்ள உரிமையாளருக்கு மட்டும் உரியது. அன்று ஓட்டியவர் தம்பி. அவருக்கோ அம்மாவுக்கோ ஏதேனும் நேர்ந்திருந்தால் அந்தப் பதினைந்து லட்சம் வந்திருக்காது. பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பை அவர்கள் சேர்த்திருக்கவில்லை. அண்ணன் பெயரில் கார், ஓட்டுவது தம்பியோ மகனோ என்பது நம் குடும்பங்களில் சாதாரணம் என்பதால், இது கவனிக்கப்பட வேண்டும்.

மறுப்புக்கு எதிராக வைத்த வாதம்

சர்வேயரின் ஒரு வரி முடிவை நாங்கள் ஏற்கவில்லை. மூன்று முறை செல்ஃப் அடித்ததை மறைக்கவும் இல்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அது எழுதப்பட்டிருந்தது, பொய் சொல்லிப் பெறும் இழப்பீட்டுக்கு நான் துணை போவதில்லை. எங்கள் கேள்வி ஒன்றே: ராடுகள் எப்போது வளைந்தன?

இரண்டாம் கியரில் சென்றுகொண்டிருந்த கார் அலையில் மோதியபோது இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளாவது சுற்றியிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது அது 200 சுற்று அளவில்தான் சுற்றும். சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த கணத்தில் இருந்த ஆற்றல், செல்ஃப் அடித்தபோது இருந்ததைவிட ஐம்பது மடங்குக்கு மேல். டீசல் இன்ஜின்களின் ஸ்டார்ட்டர் மோட்டார் வலுவானது, அதனால் ராடு வளையவே வளையாது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 5 மி.மீ. அளவுக்கு ராடை வளைத்த விசை ஸ்டார்ட்டரிலிருந்து வந்திருந்தால், ஸ்டார்ட்டரிலோ ஃப்ளைவீல் பற்களிலோ அதன் தடயம் இருந்திருக்க வேண்டும். வேலைத்தாளில் அவை நல்ல நிலையில் இருப்பதாகப் பதிவாகியிருந்தது. இன்ஜின் ஒரே உதறலில் நின்றதும், முதல் செல்ஃபுக்கே கனமாகச் சுற்றியதும், சேதம் சாவியைத் திருப்புவதற்கு முன்பே நேர்ந்துவிட்டது என்பதோடு ஒத்துப்போயின. அப்படியானால் அது நீர்சூழ்தலால் நேரடியாக விளைந்த சேதம். பாலிசி பெயர் சொல்லிக் காக்கும் ஆபத்தின் விளைவைப் பின்விளைவு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

சட்ட நிலையும் முழுவதும் எதிராக இல்லை. ஒரு சேதம் விலக்குப் பிரிவுக்குள் வருகிறது என்று நிறுவ வேண்டிய பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது என்று 2007இல் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சர்வேயரின் அறிக்கை முக்கியமானதே ஆனாலும் இறுதிச் சொல் அன்று என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் இழப்பீட்டை அடியோடு மறுக்காமல், ஒரு பகுதியைக் குறைத்துத் தரலாம் என்ற நிலைப்பாட்டை 2010இல் அமலேந்து சாஹு வழக்கில் ஏற்றது. இவற்றில் எதுவும் தண்ணீர் குடித்த இன்ஜினைப் பற்றிய வழக்கு அல்ல. அந்த வகை வழக்குகளில் நுகர்வோர் ஆணையங்கள் இரு பக்கமாகவும் தீர்ப்பளித்து வந்திருக்கின்றன. வாதம் வலுவாக இருப்பதால் வெற்றி நிச்சயம் என்று நம்பிக் கூடுதல் காப்பைத் தவிர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்துமூலம் முறையிட்டோம். சர்வேயரின் வரிகளையே திருப்பி எழுதிப் பதில் வந்தது. அடுத்து இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மற்றொன்று, தமிழ்நாட்டுக்கும் சேர்த்துச் சென்னையில் இயங்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்தோ, அது பதில் தராமல் ஒரு மாதம் கடந்ததிலிருந்தோ ஓர் ஆண்டுக்குள் அங்கே புகார் தர வேண்டும். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் வழங்க முடியும். தொகையின் அளவையும் உரிமையாளரின் கடை வேலையையும் எண்ணி, இரண்டாம் வழியைத் தேர்ந்தோம்.

புகாரோடு இணைத்தவற்றில் எடை மிகுந்தவை மூன்று. தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது என்பதைக் கதவின் மீது படிந்த சேற்றுக்கோட்டோடு காட்டும் புகைப்படங்கள். பிஸ்டன் உயர அளவீடுகள் கொண்ட வேலைத்தாள். கார் மேட்டுக்குத் தள்ளப்பட்ட பின் ஸ்டார்ட் செய்யப்படவில்லை என்பதற்குச் சான்றாக ரெக்கவரி வண்டியின் ரசீது. புகைப்படங்களை எடுத்தவர் அந்த ஆட்டோக்காரர். காரைக் கழுவி உலர்த்திய பிறகு எடுக்கும் படங்களால் எந்தப் பயனும் இல்லை என்பதால், கழுவுவதற்கு முன்பே எடுத்து அனுப்பியிருந்த அவருக்கு இந்தக் கோப்பு கடன்பட்டிருக்கிறது.

முடிவு

விசாரணையின்போது சமரசத்துக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. காரை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயன்றது நிபந்தனை மீறல் என்ற தன் நிலையை நிறுவனம் கைவிடவில்லை. ஆனால் சேதம் முழுவதும் அதனால்தான் நேர்ந்தது என்று காட்ட அதனிடம் அளவீடு எதுவும் இல்லை. இன்ஜின் செலவான 1,72,000 ரூபாயில் 75 சதவீதம், அதாவது 1,29,000 ரூபாய் தருவதென்று முடிவானது. முன்பு ஏற்ற தொகையையும் சேர்த்தால் மொத்தம் 2,34,500 ரூபாய். உரிமையாளர் ஏற்ற செலவு 50,500 ரூபாய். மூன்று ஆண்டு இழப்பீடு கோராததால் பெற்றிருந்த 35 சதவீத நோ கிளைம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடியும் இதோடு கைவிட்டுப் போயிற்று. எஸ்டிமேட் கிடைத்ததிலிருந்து சமரசத் தொகை வரும் வரை அவர் இன்ஜின் வேலைக்கான முழுப் பணத்தையும் கைமாற்று வாங்கிக் கட்டியிருந்தார். அதற்கான வட்டியைத் தர எந்தப் பாலிசியிலும் இடமில்லை.

அடுத்த புதுப்பித்தலில் அவர் இன்ஜின் பாதுகாப்புக் காப்பையும், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பையும் சேர்த்துக்கொண்டார். இன்ஜின் காப்பின் நிபந்தனைத் தாளை இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். தண்ணீர் புகுந்ததற்கான தடயம் இருக்க வேண்டும் என்றும், வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ய முயன்றதால் கூடும் சேதத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்றும், காரைத் தாமதமின்றி நீரிலிருந்து அகற்ற வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. கூடுதல் பணம் கட்டிய பிறகும் சாவியைப் பற்றிய நிபந்தனை அப்படியே இருந்தது. தாளை ஒரு நகல் எடுத்துத் தம்பியிடமும் கொடுக்கச் சொன்னேன். காரை அதிகம் ஓட்டுபவர் அவர்தான்.